கோட்டில் இடித்த மூன்று பெயர்கள்

போன வாரம் நம் அலுவலகத்தில் புது அடையாள அட்டை அச்சிட்டார்களாம். ஒரு பெயர் மட்டும் அட்டையின் விளிம்பில் வெட்டுப்பட்டு, பாதி உள்ளேயும் பாதி காற்றிலுமாக நின்றதாம். உங்களில் ஒருவர் அந்தப் பெயருக்கு உரிய பிள்ளையிடம், "பேரைக் கொஞ்சம் சுருக்கிக்கங்களேன், மெஷினுக்கு லேசா இருக்கும்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வுபெற்றவனுக்கு இந்த மாதிரிச் செய்திகள் உடனே வந்து சேர்ந்துவிடும். வேலையில் இருந்தபோது முக்கியமான செய்திகூட இவ்வளவு வேகமாக வந்ததில்லை.

கோபித்துக்கொண்டு இதை எழுதவில்லை. மெஷின் சரி, மனிதர்கள்தான் பிழை என்று சொன்ன முதல் ஆள் நீங்கள் இல்லை. இந்தப் பதுளையில் அந்தப் பெருமை எனக்குத்தான். அதுவும் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால், தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் நின்று சொன்னேன். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அட்டைக்கு என்ன செய்வது என்று முடிவெடுங்கள்.

நான் பட்டம் வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவன் அல்ல. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். சுவரிலும் பலகையிலும் எழுத்து எழுதுவது என் பிழைப்பு. தொண்ணூறுகளின் நடுவில் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடை மாடிக்கு, ‘கணினி வகுப்பு’ என்று போர்டு எழுதக் கூப்பிட்டார்கள். எழுதி முடித்ததும், பெயின்ட் காயும்வரை உள்ளே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தவன் எழுந்திருக்க இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பைத்தன் என்ற நிரல்மொழியைப் படித்தது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த போட்டோகொப்பிப் புத்தகம் ஒன்று. அதில் பதினெட்டாம் பக்கம் மட்டும் இல்லை. எனக்குத் தெரியாத எதைக் கேட்டாலும், அது பதினெட்டாம் பக்கத்தில் இருந்திருக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஒரு பக்கத்தில் எவ்வளவுதான் இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அப்போது ஒரு வீடமைப்புத் திட்ட அலுவலகத்தில் வேலை செய்தேன். ஐப்பசி மழை. ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒரு லயத்தின் பின்சுவர் நெடுக வெடித்துவிட்டது. வரிசையாக இருபது காம்பரா, இருபது குடும்பம். வெடிப்பில் கை நுழையும். உள்ளே கொழுந்துச் சாக்கைத் திணித்து வைத்திருந்தார்கள். மழை பெய்யப் பெய்ய சாக்கு உப்பும், சுவர் இன்னும் கொஞ்சம் விலகும். திட்டத்தில் சரியாக இருபது வீடுகள் இருந்தன.

நிபந்தனை எளிது. வெடித்த லயத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். தோட்டப் பதிவிலும் பெயர் இருக்க வேண்டும். முதல் பட்டியலை நாங்கள் காம்பரா காம்பராவாக ஏறிக் கேட்டு எழுதினோம். இரண்டாவது பட்டியலைத் தோட்ட ஆபீஸ் கொடுக்கும். இரண்டிலும் உள்ள பெயருக்கு வீடு. ஒன்றில் மட்டும் இருந்தால், அந்த வீடு வேறு தோட்டத்துக்குப் போய்விடும். இறுதிப் பட்டியல் வெள்ளிக்கிழமை கொழும்பில் இருக்க வேண்டும்.

இருபது பெயரைக் கையாலேயே ஒப்பிட்டிருக்கலாம். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் திட்ட அதிகாரிக்குக் கம்ப்யூட்டர் மீது அப்படி ஒரு பக்தி. யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியலாளர், தங்கமான மனிதர். கம்ப்யூட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்.

"தம்பி, மனுசன் பாத்தா பக்கச்சார்பு எண்டு சொல்லுவினம். மெஷின் பாத்தா ஒருத்தரும் வாய் திறக்கேலாது" என்றார்.

மெஷின் பார்ப்பதென்றால் நான் பார்ப்பது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பதிவுப் பட்டியலை ஒரு ப்ளொப்பியில் போட்டு, அதை உறையில் போட்டு, உறையின் மேல் முத்திரையும் குத்திக் கொடுத்தார். முப்பது வருஷம் டைப்ரைட்டரில் அடித்த கை. புதிதாக வந்த கம்ப்யூட்டரிலும் அதே ஒழுங்கு. பெயர்கள் ஆங்கில எழுத்தில், எல்லாம் பெரிய எழுத்து. பெயருக்கு அடுத்து மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல ஒரு நேர்கோடு. கோட்டுக்கு அப்பால் லயத்தின் இலக்கம். பார்த்தால் சட்டம் போட்டு மாட்டலாம்.

கொடுக்கும்போது மனிதர் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, ஒரு குறை இருக்கு. மூணு பேரு மட்டும் ரொம்ப நீளம். கோட்டுல இடிச்சுக்கிட்டு நிக்குது. அதுல ஒண்ணு கோட்டையே தள்ளிருச்சு. நானும் எவ்வளவோ பாத்தேன், அடங்கல. லிஸ்டோட அழகே போச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நிரலை எழுதினேன். அவருடைய வரியைக் கோடு இருக்கும் இடத்தில் வெட்டு; இடப்பக்கம் உள்ளது பெயர்; அதை நம் பட்டியலில் உள்ள பெயரோடு, இரண்டும் ஒன்றா என்று == போட்டுப் பார். பத்து வரிகூட இல்லை. ஓட்டினேன். இருபதில் மூன்று பெயர் பொருந்தியது. மீனாட்சிசுந்தரம், முத்துக்குமாரசாமி, சிவபாக்கியலெட்சுமி. மற்ற பதினேழு பேரும் ‘பதிவில் இல்லை’.

நான் சும்மா விட்டுவிடவில்லை. சோதித்தேன். எப்படிச் சோதித்தேன் என்பதைக் கேளுங்கள். நானே ஒரு RANI தட்டினேன்; பக்கத்தில் நானே இன்னொரு RANI தட்டினேன்; நடுவில் == போட்டேன். True என்றது. அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கைகட்டி நின்று பார்த்தார். என் கையால் போட்டதை என் கையால் எடுத்துவிட்டு, களவு போகவில்லை என்று சான்றிதழ் கொடுத்ததற்கு இது சமம். வெளியிலிருந்து வந்த பெயரை நான் தொடவே இல்லை.

பிறகு சின்ன எழுத்து, பெரிய எழுத்துப் பிரச்சினையோ என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கினேன். மூன்றுதான். இரண்டு பட்டியலிலும் உள்ள பெயரைத் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சிட்டேன். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தன. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு: கண் பிழை செய்யும், கம்ப்யூட்டர் செய்யாது. பதினெட்டாம் பக்கத்தில் இப்படித்தான் எழுதியிருக்கும் என்று நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில் போய் அறிவித்தோம். ஆட்கள் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குமாக நின்றார்கள், தூறல். அதிகாரி என்னை முன்னால் தள்ளிவிட்டார். நான் மூன்று பெயரைப் படித்தேன். மற்றவர்களின் பெயர் தோட்டப் பதிவில் இல்லை என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னேன். ‘கண்டுபிடித்துவிட்டது’ என்ற சொல்லை நான்தான் பயன்படுத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கூடையை இறக்கி வைத்தாள். ராணி. இருபத்தைந்து வயதிருக்கும். எட்டு மாதம் தாண்டிய வயிறு. வெடிப்பு ஆக அகலமாக இருந்தது அவளுடைய காம்பராவில்தான்.

"கம்ப்யூட்டர் சார், நேத்து நான் எத்தன கிலோ எடுத்தேன்னு கங்காணிக்குத் தெரியும். நான் வரலைன்னா பேரை வெட்டத் தெரியும். வீடுன்னு வந்தா மட்டும் நான் இல்லாம போயிட்டேனா?"

"தங்கச்சி, நான் சொல்லல. கம்ப்யூட்டர் சொல்லுது."

"சரி, அதுக்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க. நான் இல்லைன்னா இந்த வயித்துல இருக்கறது யாருது?"

பெரட்டு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பிள்ளை இந்த மாசமே வந்துரும். அதுவும் அந்தச் சொவத்துக்குக் கீழதான் படுக்கணும். அதையும் கேட்டுச் சொல்லுங்க."

இதற்குப் பிறகு நடந்ததைப் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு மெஷின் பிழையாகச் சொன்னால், அதைச் சரி என்று நிரூபிக்க எத்தனை புத்திசாலிகள் வேலை செய்வார்கள் என்பதற்கு இது பாடம்.

தோட்டத் தலைவர், சங்கத்துக்காரர், உடனே காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த மூன்று பேரும் மற்றச் சங்கமாம். "இந்தக் கம்ப்யூட்டர் எந்தச் சங்கத்துல சந்தா கட்டுதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். மூன்றில் இரண்டு பேர் அவருடைய சங்கம்தான் என்று யாரோ எடுத்துச் சொன்னதும், "அப்ப அவங்க ரகசியமா மாறிட்டாங்க" என்று அந்த இருவரையும் அங்கேயே முறைத்தார்.

அதிகாரியின் விளக்கம் வேறு. "பதினேழு குடும்பமும் வெளியில இருந்து வந்து குடியேறின ஆக்களாய் இருக்கும்" என்றார். நான்கு தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள். அவரோ வந்து நான்கு மாதம். பதினேழு பேரும் தாங்கள் தாங்கள்தான் என்பதற்கு அத்தாட்சிக் கடிதம் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டார். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? பதிவுப் பட்டியலை அடித்த அதே பெரிய கிளாக்கர்.

அவர் அன்றைக்கே ஆபீசில் உட்கார்ந்து பதினேழு கடிதம் அடித்தார். ‘இன்னார், எமது பதிவில் உள்ள இன்னார்தான் என்று உறுதி செய்கிறேன்.’ ஒவ்வொன்றிலும் ஓரம் நேராக, கையெழுத்து ஒரே உயரத்தில்.

"ஐயா, இந்தப் பதினேழு பேரும் உங்க லிஸ்ட்ல இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காங்களே. நான்தானே அடிச்சேன்."

"அப்ப கம்ப்யூட்டர் ஏன் இல்லைங்குது?"

"அது பெரிய விஷயம் தம்பி. நமக்கு எதுக்கு?"

நானும் எதற்கு என்றுதான் இருந்திருப்பேன். ராணிதான் விடவில்லை. கடிதத்துக்காக ஆபீஸ் படியில் வரிசையில் உட்கார்ந்திருந்தவள், நான் தாண்டிப் போகும்போது பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள்.

"அந்த மூணு பேரைப் பாத்தியாடி? மீனாட்சிசுந்தரம், முத்துக்குமாரசாமி, சிவபாக்கியலெட்சுமி. ஒரு பேரைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஒரு கூடை கொழுந்து எடுத்துரலாம். வீடு அவங்களுக்குத்தான். எங்கப்பன் ராணின்னு கஞ்சத்தனமா வச்சுட்டுப் போயிட்டான். ஆமா, குட்டிப் பேருக்காரி குட்டிக் காம்பராவுலயே கெடக்க வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் இரண்டு படி இறங்கிவிட்டேன். மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. நீளப் பெயர். கோட்டில் இடிக்கிற பெயர். மனசுல வச்சுக்காதீங்க.

மழையோடு மழையாக டவுனுக்கு வந்தேன். அன்று மத்தியானம் முதன்முறையாக, பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அளந்தேன். எங்கள் பட்டியலில் உள்ள M. RANI, புள்ளியும் இடைவெளியும் சேர்த்து, len போட்டால் ஏழு. கிளாக்கர் பட்டியலில் உள்ள M. RANI இருபது.

ராணி எப்படி இருபது எழுத்தானாள்? repr போட்டேன். அது பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்துக் காட்டும். தொடக்கக் குறி M-க்குப் பக்கத்தில் இருந்தது. முடிவுக் குறி எங்கேயோ தொலைவில், கொஸ்லந்த எல்லையில் நின்றது. நடுவில் பதின்மூன்று வெற்றிடம்.

கோடு நேராக வரவேண்டும் என்பதற்காகப் பெரிய கிளாக்கர் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஸ்பேஸ் தட்டியிருக்கிறார். டைப்ரைட்டரில் அதுதான் நேர்த்தி. காகிதத்தில் வெற்றிடம் வெறும் வெள்ளை. பைத்தனுக்கு அது எழுத்து. ராணியும், ராணிக்குப் பின்னால் பதின்மூன்று வெள்ளையும் அதன் கணக்கில் வேறு வேறு ஆட்கள். வெற்றிடத்துக்கு இடமே விடாமல் கோடுவரை போய் இடித்த மூன்று பெயர்தான் உள்ளது உள்ளபடி வந்திருக்கின்றன. ஊரிலேயே அழகாக அடித்த பட்டியலில், அழகைக் கெடுத்த மூன்று பேரைத்தான் மெஷின் அடையாளம் கண்டிருக்கிறது.

மருந்து ஒரே சொல். strip. பெயரின் இரு ஓரத்திலும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை உரித்துவிடும். போட்டேன். இருபதுக்கு இருபது.

கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு ஒரு சிகரெட் நேரம்கூட நிற்கவில்லை. பதினேழு பேரை நீங்கள் இல்லை என்று பெரட்டில் சொன்னவன் நான்.

அதிகாரியிடம் போனேன். மூன்று பேர் என்று ஏற்கெனவே கொழும்புக்கு ஃபெக்ஸ் அனுப்பியிருந்தார்.

"சார், பிழை என்னுடையது. நிரலில். எழுதிக் கொடுக்கிறேன்."

"என்ன தம்பி சொல்லுறீர்? கம்ப்யூட்டர் பிழை எண்டு எழுதினா, இனி நாங்கள் அனுப்புற எல்லாத்தையும் திருப்பிக் கேப்பினம். உம்மட வேலையும் போகும், என்ரயும் போகும்."

"அப்ப பதினேழு வீடு போகட்டுமா?"

அவர் பேனாவை எடுத்தார். "வீடு போகக்கூடாது. நீர் பேசாமல் இரும். நான் எழுதுறன்."

எழுதினார். ‘இரண்டாம் கட்ட ஆழ்ந்த சரிபார்ப்பின் பின்னர், பயனாளிகள் சமர்ப்பித்த அத்தாட்சிக் கடிதங்களின் அடிப்படையில், மேலும் பதினேழு பேர் தகுதி பெற்றனர்.’ படித்துக் காட்டினார். என் பிழை அதில் எங்கேயும் இல்லை. சந்தேகத்துக்கு உரியவர்களாக இருந்து, கருணையால் தகுதி பெற்ற பதினேழு பேர் மட்டும் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கழுத்தில் நின்றது. நான் தலையாட்டிவிட்டேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். strip மறந்ததற்கு நான் வெட்கப்படவில்லை, யாரும் மறப்பார்கள். அந்தத் தலையாட்டலுக்கு வெட்கப்படுகிறேன். நீங்களும் ஒருநாள் அந்த மேசைக்கு முன்னால் நிற்பீர்கள். பிழை உங்கள் நிரலில் இருக்கும். அதன் பழியைச் சுமக்க ஏதாவது ஓர் ஏழையின் பெயர் வசதியாகப் பக்கத்தில் இருக்கும்.

கோப்பில் சொல்லாததைப் பெரட்டிலாவது சொல்லவேண்டும் என்று வியாழக்கிழமை காலை தனியாக பஸ் ஏறினேன். முன்னால் நின்று சொன்னேன்: "உங்க யார் பேர்லயும் பிழை இல்ல. நான் எழுதினதுலதான் பிழை. இருபது பேருக்கும் வீடு." எதிர்பார்த்த கைதட்டல் வரவில்லை. தலைவர் மட்டும், "சந்தாவைக் கட்டிட்டாங்க போல" என்றார்.

பெரிய கிளாக்கருக்கு விஷயத்தை விளக்கினேன். அவருக்கு அழுகை வராத குறை. "உரிச்சுட்டீங்களா? அத்தனை ஸ்பேஸையுமா? ஒவ்வொண்ணும் எண்ணி எண்ணி அடிச்சது தம்பி." கொழும்புக்குப் போகும் பட்டியலை மட்டும் மறுபடி நேராக நிறுத்தி அச்சிட்டு அவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். வாங்கி, கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "இப்பத்தான் லிஸ்ட் மாதிரி இருக்கு" என்றார். உள்ளே ஒப்பிடுவதற்கு ஒன்று, வெளியே காட்டுவதற்கு ஒன்று. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே நம் தொழிலில் பாதி வந்துவிடும்.

ராணி பெரட்டில் இல்லை. முதல் நாள் பகலில் பிள்ளை பிறந்துவிட்டது, லயத்தில் இருக்கிறாள் என்றார்கள். ஏறிப் போனேன். சுவரோரமாக இருந்த கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். பெண் பிள்ளை. ராணியிடம் வீடு உறுதியாகிவிட்டது என்றேன். என்ன பிழை என்றும் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னதுதான்" என்றாள். "நீளப் பேருக்குத்தான் குடுத்திருக்கு."

"ஆமா தங்கச்சி. நீங்க சொன்னதாலதான் கண்டுபிடிச்சேன். பிள்ளைக்கு என்ன பேரு?"

"திரிபுரசுந்தரி மகாலட்சுமி தேவி."

நான் எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தில், முதலெழுத்து இல்லாமலே முப்பத்து நாலு.

"இப்பத்தான் சரியாயிருச்சே. ராணி மாதிரிச் சின்னதா வச்சாலும் ஒண்ணும் ஆகாது."

பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "இந்த லிஸ்டு சரியாயிருச்சு சார். அடுத்த லிஸ்டு எழுதறவரு எப்படியோ, யாருக்குத் தெரியும்?"

இது பதினெட்டாம் பக்கத்தில்கூட இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே லயத்திலிருந்து இறங்கினேன்.

வீடு எழும்பிய பிறகு, வாசல் சுவரில் பிள்ளையின் பெயரை எழுதித் தரச் சொல்லி ராணி ஆளனுப்பினாள். பழைய தூரிகையை எடுத்துக்கொண்டு போனேன். சின்ன வீடு, சின்னச் சுவர். மகாலட்சுமியோடு சுவர் முடிந்துவிட்டது. எழுத்தைச் சிறிதாக்கவா என்று கேட்டேன். ராணி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூலையைச் சுற்றிப் போய் நின்றாள். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு மூலை திரும்பி, அடுத்த சுவரில் ‘தேவி’ என்று எழுதி முடித்தேன்.

அந்தப் பிள்ளைதான் இப்போது உங்களோடு உட்கார்ந்து வேலை செய்கிறாள். அட்டையில் இடம் போதாவிட்டால் பின்பக்கம் திருப்பி அச்சிடுங்கள்.